நாற்பத்தாறு கிலோ

சாக்கை நாலாக மடித்து, உள்ளே பழைய சேலைத் துணி வைத்து, கோணி ஊசியால் நானே தைத்த மெத்தை அது. விளையாட்டு டீச்சரின் பழைய சைக்கிள் கேரியரில் கட்டுவதற்காகத் தைத்தேன். கேரியர் கம்பி அழுத்திய தடம் இன்னும் அதில் இருக்கிறது.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். சங்கரன்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்தேன். டீச்சருக்கு மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டும் போட்டிக்குப் போக ஆசை. கல்லும் மேடுமான வழியில் மிதித்து ஏறத் தொடையில் பலம் வேண்டுமாம். விடிந்ததும் மைதானத்தில் தோப்புக்கரணம் போடுவார். பெருக்கிக்கொண்டே நான் எண்ணுவேன். பிறகு கேரியரில் மணல் மூட்டையைக் கட்டிக்கொண்டு பாலத்து ஏற்றத்தில் மிதித்துப் பார்த்தார். வளைவில் மூட்டை சரிந்து ஆளையும் தள்ளிவிட்டது. முழங்கையில் ரத்தத்தோடு வந்து, "பெரியம்மா, மணலுக்குச் சாயத்தான் தெரியுது. நீங்க உக்காந்தா வளைவுக்குத் தக்கன உடம்பை வளைச்சுக்கிடுவீங்கல்லா?" என்றார்.

நாலு பேர் எதிரே வந்தாலே ஓரமாக ஒதுங்குகிறவள் நான். ஆனாலும் அந்த ரத்தத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல வரவில்லை. ஒரு வருஷம் தினமும் ஏறி உட்கார்ந்தேன். ஏற்றத்தில் அவர் முதுகு விம்முவது என் முகத்துக்கு நேரே தெரியும். இறங்கட்டுமா என்றால் விடமாட்டார். "நீங்க கனத்தாத்தான் என் காலு பலக்கும்" என்பார். ஒரு சனிக்கிழமை புளியங்குடி வரை மிதித்துப்போய், எலுமிச்சை மண்டித் தராசில் என்னை ஏற்றி நிறுத்தினார். நாற்பத்தாறு கிலோ. "டீச்சர், இந்த மூடைக்கு என்ன வெல சொல்லுதிய?" என்று ஒரு அண்ணாச்சி கேட்க, மண்டியே சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

திரும்பும் வழியில் டீச்சர், "ஜெயிச்சா உங்களை மேடையில நிறுத்தி, இவங்களாலதான்னு சொல்லுவேன்" என்றார்.

"மேடையெல்லாம் வேண்டாம் டீச்சர். எதுக்கு உக்காந்து வந்தேன்னு மட்டும் சொல்லிருங்க. சிரிச்சவுகளுக்குத் தெரியட்டும்."

கையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

ஜெயித்தார். பள்ளிக்கூடத்தில் பாராட்டு விழா. போட்டியில் ஓட்டிய புது சைக்கிளை மேடையில் நிறுத்தியிருந்தார்கள். அதற்குக் கேரியரே கிடையாது. எப்படிப் பழகினீர்கள் என்று கேட்டதற்கு, "தனியாத்தான்" என்றார். ஒரு பிள்ளையின் அம்மா எழுந்து, "பின்னால ஆயாம்மா உக்காந்து வருவாகளே?" என்று கேட்டாள். டீத் தட்டோடு வாசலில் நின்ற என்னை டீச்சர் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் சொன்னார்: "பாவம், அவங்களுக்குக் கால்வலி. நடக்க முடியாது. அதான் ஏத்திட்டு வருவேன்." அவருடைய நல்ல மனசுக்கு எல்லாரும் கைதட்டினார்கள்.

சாயங்காலம் நான் பழைய சைக்கிளிலிருந்து மெத்தையை அவிழ்க்கும்போது பக்கத்தில் வந்தார். "வெயிட்டுக்கு ஆளைத் தூக்கி வச்சேன்னு சொன்னா சிரிப்பாங்கல்லா பெரியம்மா?" என்றார். அந்தச் சிரிப்பில்தானே நான் ஒரு வருஷம் உட்கார்ந்து வந்தேன். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தேன்.

டீச்சர் மாற்றலாகிப் போய்விட்டார். கடைத்தெருவில் இப்போதும் யாராவது, "பெரியம்மா, கால்வலி தேவலையா?" என்று கேட்கிறார்கள். வேறு சொல்ல வாய் வராமல், "தேவல" என்கிறேன். வீட்டுக்கு நடந்தே வந்து, மெத்தையை எடுத்து அந்தத் தடத்தைத் தடவிப் பார்க்கிறேன். என் காலுக்கு ஒருநாளும் வலி வந்ததில்லை.