விரலில் முன்பே இருந்த கறை

காரைக்குடியில் அப்பாவின் தச்சுப் பட்டறையில் மரச்சாமான்களுக்குப் பாலீஷ் போடுவது என் வேலை. போன தேர்தலில்தான் எனக்கு முதல் ஓட்டு. அடையாள அட்டை, பூத் சிலிப் எல்லாவற்றையும் முதல் நாளே பையில் எடுத்து வைத்தேன். எந்தப் பொத்தானை அமுக்கணும், விளக்கு எரியுமா, சத்தம் வருமா என்று கேட்டு அண்ணனைப் படுத்தி எடுத்தேன். அன்று மாலையே ஒரு கதவுக்கு அடர்ந்த நிறத்தில் பாலீஷும் போட்டேன்.

மறுநாள் வாக்குச்சாவடியில் இடது கையை நீட்டினேன். மை வைக்கும் அலுவலர் என் ஆள்காட்டி விரலையே பார்த்தார். நகமெல்லாம் கறுப்பு.

"என்னம்மா, முன்னாடியே ஓட்டுப் போட்டுட்டீகளா?"

கட்சி ஏஜென்ட்டுகள் எழுந்துவிட்டார்கள். வழியில் வேறெங்கேயாவது விரலை நீட்டித் தொலைத்தேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

வரிசையில் பின்னால் நின்ற பக்கத்து வீட்டு அக்காதான் காப்பாற்றினார். "பட்டறைப் பிள்ளை சார், அது பாலீஷ் கறை. வலது கையையும் பாருங்க."

நீட்டினேன். பத்து விரலும் ஒரே நிறம்!

"அப்ப பத்து ஓட்டா?" என்று ஓர் ஏஜென்ட் சிரிக்க, அலுவலர் மை வைத்தார். வைத்த இடமே தெரியவில்லை. பொத்தானை அமுக்கி, சத்தமும் கேட்ட பிறகும், ஓட்டுப் போட்டேனா இல்லையா என்ற குழப்பத்தோடுதான் வீட்டுக்கு வந்தேன்.

ஸ்பிரிட்டால் தேய்த்துத் தேய்த்து ஒன்பது விரல் வெளுத்தது. ஒன்று மட்டும் வெளுக்கவே இல்லை. அப்பாடா, அதுதான் என் ஓட்டு!

இப்போது கையுறை மாட்டாமல் பாலீஷைத் தொடுவதில்லை. தேர்தலுக்கு இன்னும் வருஷக்கணக்கில் இருக்கிறது என்று அண்ணன் சிரிக்கிறான். சிரிக்கட்டும். பத்து விரலையும் விரித்துக்கொண்டு நின்றது அவனில்லையே!