மீட்டரக்கா கெடுத்த படம்

கடைக்குள் நுழைந்ததும் எதிரே நிற்கும் அந்தச் சுவரைப் பார்த்து வாய் பிளக்காதவர் கிடையாது. நாற்பது டிவி. நாற்பதிலும் ஒரே படம்: வெட்டிய ஆரஞ்சுப் பழம், பறக்கும் கிளி, அருவி, மறுபடியும் ஆரஞ்சு. "எது நல்லா இருக்குன்னு உங்க கண்ணாலயே பார்த்து எடுத்துக்கங்க" என்று விற்பனையாட்கள் கையை நீட்டிக் காட்டுவார்கள். கண்ணால் பார்த்து எடுப்பதாம்! எந்தப் பெட்டி எடுப்பாகத் தெரிய வேண்டும், எது சோகை பிடித்தாற்போல் தெரிய வேண்டும் என்று திங்கட்கிழமை காலையிலேயே மேனேஜர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுவார். வாங்க வருகிற ஜனத்துக்கு அது எங்கே தெரியப் போகிறது?

தாளில் இருப்பதைச் சுவரில் ஏற்றுவது மீட்டரக்காவின் வேலை. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டைத் தாண்டி அது வெளியே வந்ததில்லை. திரைமேல் வைத்து வெளிச்சத்தையும் நிறத்தையும் அளக்கிற சின்னக் கருவி ஒன்று எந்நேரமும் அவள் கழுத்தில் தொங்கும். அதனால் வந்த பெயர். ஒரு ரிப்பேர் கடையில் பதினோரு வருடம் குந்தியிருந்து தொழில் கற்றவள். முகம் முகமாகத் தெரிய வேண்டும், வெள்ளைச் சட்டையில் நீலம் ஏறக் கூடாது, இருட்டு அறைக் காட்சியிலும் ஆளின் தலைமுடி தனியே தெரிய வேண்டும். இதில் அவளிடம் விட்டுக்கொடுப்பே கிடையாது. கல்யாண வீட்டு வீடியோவில் மாப்பிள்ளை முகம் சிவந்திருந்தால்கூட, எழுந்து போய் டிவியைச் சரிபண்ணிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவாள்.

நான்கு வருடத்துக்கு முன் இந்தக் கடையில் சேர்ந்த புதிதில், நாற்பது டிவியையும் ஒவ்வொன்றாக அளந்து ஒழுங்காக வைத்தாள். ஒரு வாரம் ஆனது. மேனேஜர் வந்து பார்த்தார். முகம் கோணியது.

"என்னம்மா இது, எல்லாம் ஒரே மாதிரி இருக்கு?"

"நல்ல டிவி நல்லாத் தெரியுது சார், சுமாரானது சுமாரா தெரியுது. கிட்டப் போய்ப் பாருங்க."

"கிட்டப் போய்ப் பார்க்க எவனுக்கும்மா நேரம்? எதை விக்கணும்னு நான் சொல்றேன். அதைத் தூக்குங்க, பக்கத்துல இருக்கறதை இறக்குங்க. அவ்வளவுதான்."

தூக்குவது சுலபம். பிரைட்னஸை உச்சிக்கு ஏற்றி, வெள்ளையில் நீலத்தைக் கலந்துவிட்டால் போதும். குழல்விளக்கு வெளிச்சத்தில் கண்ணைப் பறிக்கும். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஜனம் நேராக அங்கேதான் போய் நிற்கும். இறக்குவதில்தான் அவளுக்கு வயிறு எரிந்தது. சுவரிலேயே சிறந்த டிவி ஐந்தாவது வரிசையில் முதலாவது. அதில் கடைக்கு லாபம் குறைவு. கான்ட்ராஸ்டைக் குறைத்து, கலரை வடித்து, கூர்மையைப் பூஜ்யமாக்கி, பார்க்கிறவன் முகம் சுளிக்கிற அளவுக்கு அதைக் கெடுக்க வேண்டும். விவரமான சிலர் ரிமோட்டை வாங்கிச் சரிசெய்து பார்த்தார்கள் என்பதற்காக, மேனேஜர் அதற்கும் வழி சொன்னார். நம்பர் போட்டால்தான் மெனு திறக்கும் என்று பூட்டச் சொன்னார். அந்த நம்பர் அவளுக்கு மட்டும் தெரியும்.

சண்டை போட்டாள். இரண்டு முறை ராஜினாமாக் கடிதம் எழுதி, இரண்டு முறையும் பையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மூன்றாவது மாதத்திலிருந்து தாளை வாங்கியதும் பேசாமல் வேலையைத் தொடங்கிவிடுவாள். ஊரில் போய் யார் கழுத்தையும் அறுக்கவில்லை, படம்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தனக்குச் சொல்லிக்கொள்கிற பொய்க்கு மீட்டர் ஏது?

சுவரில் ஓடிய டிவிகளையும் கடை விற்றது. பெட்டி பிரித்த மால் என்று சொல்லி உடனே வண்டியேற்றிவிடுவார்கள். போகுமுன் பூட்டை எடுத்து, படத்தைப் பழையபடி ஆக்கி அனுப்புவது அவள் பொறுப்பு. ஆனால் அவள் மற்றக் கிளைகளுக்குப் போகிற நாட்களில் யார் செய்வது? திரும்பி வந்தால் சுவரில் ஓர் இடம் காலியாக இருக்கும். ஒரு மணி நேரம் காச்சுமூச்சென்று கத்துவாள். பிறகு புதிதாக வந்த பெட்டியை அதே இடத்தில் மாட்டி, அதையும் கெடுப்பாள்.

அவளுடைய அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். இருபத்தாறு வருடத்தில் ஒரு கீறல் கிடையாது. அந்த வருடம் வீட்டு டிவி செத்துப்போக, மகளிடம் எதை வாங்கலாம் என்று கேட்டார். ஐந்தாவது வரிசை முதல் டிவி, கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள், கடையில் மங்கலாகத்தான் தெரியும், வீட்டில் வேறு மாதிரி என்று அவளே சொன்னாள். ஒரு புதன்கிழமை போன் வந்தது.

"பாப்பா, நீ சொன்ன அதே டிவியை வாங்கிட்டேன்."

"கடைக்கு வந்தீங்களா? நான் இன்னிக்கு வேற கிளையில இருக்கேன்ப்பா. எப்படி இருக்கு படம்?"

"நீ சொன்னா தப்பாவா இருக்கும்?"

பெட்டியில் புது மால் தீர்ந்துபோய், சுவரிலிருந்து கழற்றியதைத்தான் கொடுத்தார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. பிரித்த பெட்டியை வாங்கினதற்கு மகள் திட்டுவாளோ என்று பயம். மகளும் கேட்கவில்லை. மறுநாள் சுவரில் அந்த இடம் காலியாக இருப்பதைப் பார்த்தாள், வழக்கம்போலக் கத்தினாள், வழக்கம்போல அடுத்ததை மாட்டினாள்.

இரண்டு மாதம் கழித்து அம்மா போன் செய்தாள். "ஏம்மா, உங்கப்பா வேலையை விட்டுட்டாரு. கேட்டா பதில் சொல்ல மாட்டேங்கறாரு. நீ வந்து என்னன்னு கேளு."

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் போனபோது அப்பா கூடத்தில் நாற்காலியை டிவிக்கு இரண்டு முழ தூரத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஏதோ கால்பந்தாட்டம். ஆட்டக்காரர்கள் எல்லாரும் சாம்பல் பூசிக்கொண்டு புகைக்குள் ஓடினார்கள். பந்து எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தனிக் கண் வேண்டும்.

அவளுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. தன் கையெழுத்தைத் தானே படிப்பதற்கு நேரமா ஆகும்?

"அப்பா, எதுக்கு வேலையை விட்டீங்க?"

"கண்ணு போச்சும்மா." மெதுவாகத்தான் சொன்னார். "உன் டிவி வந்த அன்னிக்கே தெரிஞ்சுது. நீ இருக்கறதுலயே நல்லதுன்னு சொன்ன டிவி. அதுலயே எனக்கு ஒண்ணும் தெரியல. ஏதோ நம்பர் கேக்குது, கலர் கூட்டவும் முடியல. இவ்வளவு பெரிய திரையில பந்து தெரியாதவனுக்குக் குறுக்கே ஓடி வர்ற புள்ள எப்படித் தெரியும்? முப்பது புள்ளைங்க உயிரு. சாவியைக் குடுத்துட்டேன்."

"டாக்டர்கிட்ட போக வேண்டியதுதானே?"

"போனா கத்தியை எடுப்பாரு. பயமா இருந்துச்சு."

அடுக்களை வாசலில் நின்ற அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எனக்கும் மங்கலாத்தான் தெரிஞ்சுது. வயசாச்சு, என் கண்ணுதான்னு நான் வாயைத் திறக்கல."

மீட்டரக்கா ரிமோட்டை எடுத்து நான்கு நம்பரை அமுக்கினாள். மெனு திறந்தது. அவள் வைத்த எண்கள் அப்படியே இருந்தன. எல்லாவற்றையும் பழையபடி ஆக்கினாள். திரையில் புல் பச்சையானது. மைதானத்து ஓரத்தில் நின்றவன் கழுத்து வேர்வைகூடத் தெரிந்தது.

அப்பா எழுந்து நின்றுவிட்டார். பந்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணில் தண்ணீர் வந்தது. "தெரியுதே! எல்லாம் தெரியுதே! பாப்பா, எந்தப் படுபாவி இப்படிப் பண்ணி வச்சது?"

கடைமேல் போட்டிருக்கலாம். மேனேஜர்மேல் போட்டிருக்கலாம். அவளுக்கு வாய் வரவில்லை.

"நான்தான்ப்பா."

சொன்னாள். தாளைப் பற்றி, பூட்டைப் பற்றி, அந்தப் புதன்கிழமை சுவரில் காலியான இடத்தைப் பற்றி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் டிவியை அணைத்தார். மகளை அவர் அடித்ததில்லை, அன்றும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை.

"எத்தனை வருஷமா பண்ற?"

"நாலு."

"இதே மாதிரி சரிபண்ணாம எத்தனை வீட்டுக்குப் போயிருக்கும்?"

மனசுக்குள் எண்ணினாள். "இதோட ஒம்பது இருக்கும்ப்பா."

"அப்பன் வீடுன்னதும் ஒரு நிமிஷத்துல சரிபண்ணிட்ட. மத்த எட்டு வீட்டுக்கும் எப்ப போகப்போற?"

அவ்வளவுதான் பேசினார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

மறுநாள் லீவு போட்டு அவரைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனாள். இந்த வயதில் இப்படிக் கண் இருப்பது கொடுப்பினை என்றார் டாக்டர். அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். வேனுக்கு வேறு ஆள் போட்டாயிற்று, தேவைப்பட்டால் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். வாசலில் நின்ற வேனின் பக்கவாட்டில் புதிதாக ஒரு நசுங்கல் இருந்தது. அப்பா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, மகள் முகத்தைப் பார்க்காமலே நடந்தார்.

செவ்வாய்க்கிழமை கடை திறந்ததும் மேனேஜர் முன்னால் போய் நின்றாள்.

"பூட்டோட போன டிவி எட்டு இருக்கு சார். டெலிவரி நோட்டைக் குடுங்க. போய்ச் சரிபண்ணணும்."

"யாராவது புகார் குடுத்தாங்களா?"

"எப்படி சார் குடுப்பாங்க? தன் கண்ணு கெட்டுப்போச்சுன்னு வீட்டுக்குள்ள உக்காந்து அழுதுட்டு இருப்பாங்க!"

கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "மெதுவா பேசும்மா. கெடுத்தது உன் கை. நான் தாள்தான் குடுத்தேன்."

அந்தப் பேச்சில் பொய் இல்லை என்பதுதான் அவளை இன்னும் கொதிக்க வைத்தது. நோட்டை அவளே இழுப்பறையிலிருந்து எடுத்து எட்டு முகவரியையும் எழுதிக்கொண்டாள். பிறகு சுவரில் ஐந்தாவது வரிசை முதல் டிவியின் பூட்டைத் திறந்து படத்தைச் சரிசெய்தாள். இந்தப் படியை விட்டு இறங்கினால் திரும்ப ஏற முடியாது என்று மேனேஜர் சொன்னது காதில் விழுந்தது. இறங்கிவிட்டாள்.

முதல் வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. நடுத்தர வயது அம்மாள் ஒருவர் கதவைக் கால்வாசி திறந்தார்.

"டிவியைச் சரிபண்ண வந்திருக்கேங்க."

"நாங்க யாரையும் கூப்பிடலையே. டிவி நல்லாத்தானே ஓடுது?"

"இல்லைங்க, நல்லா இல்ல. நான்தான் கெடுத்து அனுப்பினேன்."

அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "யாரை ஏமாத்தப் பார்க்கற? போ, போ!" கதவு படீரென்று சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

கோபம் உச்சிக்கு ஏறியது. ஆனால் அந்த அம்மாள்மேல் கோபப்பட அவளுக்கு ஒரு வழியும் இல்லை. இத்தனை நாள் தன்னை நம்பினவர்களைத்தான் அவள் கெடுத்திருக்கிறாள். நம்பாத ஒருத்தி இப்போதுதான் எதிரே வந்திருக்கிறாள். மீட்டரக்கா பெல்லை மறுபடியும் அமுக்கினாள்.