ஈனிட்டின் நூற்றிருபது

என் மாமியார் இமெல்டா ஆறு வயதிலிருந்து ஒரே ஒருத்தியைப் பார்த்துத்தான் பொறாமைப்பட்டு வருகிறார். அவர் பெயர் ஈனிட். புளியந்தீவில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் ஒல்லாந்த வழிவந்த பறங்கிப் பெண்மணி, மாமியின் வகுப்புத் தோழி. வகுப்பில் எப்போதும் முதலாம் பிள்ளை ஈனிட்தான், மாமி இரண்டாம் பிள்ளை. ஈனிட் வீட்டுக்கு வாவிக் காற்று நேரே வரும். எங்கள் வீட்டுக்கு வராது. ஈனிட்டின் கேக் பொங்கும். மாமியின் கேக்கில் நடுவே குழி விழும். இதையெல்லாம் மாமி ஒருவாறு பொறுத்துக்கொண்டார். பிறஷரைத்தான் பொறுக்க முடியவில்லை.

இருவருக்கும் பிறஷர், உயர் இரத்த அழுத்தம். மாதம் ஒருமுறை ஒரே ஓட்டோவில் கிளினிக்குக்குப் போவார்கள். ஈனிட்டின் கிளினிக் கொப்பியில் நூற்றிருபதுக்கு எண்பது என்று எழுதியிருக்கும். மாமியின் கொப்பியில் நூற்றெழுபதுக்குக் கீழே இறங்கியதே இல்லை. இத்தனைக்கும் மாமி உப்பைக் குறைத்து, கருவாட்டை அடியோடு விட்டவர். ஈனிட்டின் குசினியிலிருந்து வரும் கருவாட்டு வாசனைக்கே மாமியின் முகம் சிவக்கும்.

"டொக்டரோட இங்கிலீசில கதைக்கிறாள்தானே, அவளுக்கு நல்ல குளிசை குடுக்கிறாங்க புள்ள," என்று என்னிடம் பொருமுவார்.

ஈனிட்டுக்கு முழங்கால் வருத்தம். அதனால் மருந்து கொடுக்கும் யன்னலில் இருவருக்குமாக மாமிதான் வரிசையில் நிற்பார். போன மாதம் இரண்டு கடதாசி உறைகளையும் வாங்கியவர், தூணுக்குப் பின்னால் போய் உள்ளே இருந்த மாத்திரைகளை மாற்றிப் போட்டுவிட்டார். உறையில் பெயர் சரி. குளிசைதான் ஆள்மாறிவிட்டது.

பத்தாம் நாள் பாமசியில் பிறஷரை அளந்தால் நூற்றிருபத்தைந்து. மாமி வீட்டுக்கு வந்து பாயாசம் வைத்தார். எனக்கு அப்போது எதுவும் தெரியாது, நானும் இரண்டு கோப்பை குடித்தேன். மூன்றாம் வாரம் அவருக்குக் கால் வீங்கியது, சிறுநீர் குறைந்தது, சாப்பிட்டதெல்லாம் சத்தியாய் வெளியே வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

டொக்டர் பர்ஸானா நான் கொடுத்த உறையைத் திறந்து பார்த்தார். "இது லொசாட்டன். உங்கட சிறுநீரக ஸ்கானைப் பாத்துத்தானே இதை உங்களுக்கு எழுதாம விட்டன்!"

பிறகு விளங்கப்படுத்தினார். மாமியின் இரண்டு சிறுநீரகங்களுக்கும் இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் ஒடுங்கியிருக்கின்றன. வருவது குறைவென்று கண்டதும் சிறுநீரகம் றெனின் என்ற நொதியத்தை இரத்தத்தில் விடும். அது தொடக்கி வைக்கும் வேலையால் உடம்பெங்கும் குழாய்கள் இறுகும், உப்பும் தண்ணீரும் உள்ளே தங்கும், பிறஷர் ஏறும். அந்த ஏற்றத்தால்தான் மாமியின் சிறுநீரகங்கள் இவ்வளவு நாளும் ஓடின. லொசாட்டன் அந்த வேலையை மறித்துவிட்டது. இலக்கம் இறங்கியது, கூடவே சிறுநீரகமும் படுத்துவிட்டது.

"உடம்புக்கு வேண்டிய இரத்தம் இருக்கு அம்மா. சிறுநீரகம்தான் தனக்குக் குறைவெண்டு நினைச்சு முழு உடம்பையும் போட்டு இறுக்குது. குளிசையை நிப்பாட்டினா சுகம் வரும்."

மாமி சுவரைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொன்னார். சொல்லி முடிக்குமுன் அழுகை வந்துவிட்டது. "அப்ப ஈனிட் என்ட குளிசையைக் குடிக்கிறாள். அவளுக்கு என்னவும் நடந்தா நான் என்ன செய்வன்?" ஈனிட்டுக்காக அவர் அழுததை அன்றைக்குத்தான் கண்டேன்.

நான் ஈனிட்டுக்குப் போன் எடுத்தேன். பின்னேரமே ஈனிட் ஒரு பை நிறைய அப்பிளோடு நொண்டி நொண்டி வந்தார். மாமி ஒன்றும் ஒளிக்காமல் சொன்னார்.

"முதல் நாளே கண்டனான்கா, என்ட குளிசை இல்லையெண்டு," என்றார் ஈனிட். "யன்னல்காரர் மாறிப் போட்டார் எண்டு நினைச்சு, கடையில வாங்கிக் குடிச்சன். எனக்கு ஒண்டுமில்ல. நீ சுகமாகி வா."

அப்பிளைத் தோல் சீவி, மாமியின் வாயில் ஒரு துண்டு வைத்துவிட்டுப் போனார்.

மாமி அதை மென்றபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா புள்ள? ஒரு ஏச்சு ஏசினாளா? அதிலயும் அவள்தான் முதலாம் பிள்ளை."