ஜப்பான் கிண்ணத்தை நான் கழுவிய நாள்

சுனாமி வந்ததற்கு முந்திய வருடம், ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு வாரத்தில் இது நடந்தது. கெலிஓயாவிலிருந்து மேலே ஏறினால், மகாவலி ஆறு கீழே தெரிகிற ஒரு மேட்டில், அப்போது ஒரு சின்ன அருங்காட்சியகம் இருந்தது. ஜப்பானிலிருந்து வந்த ஒரு மதச் சங்கத்தினர் கட்டியது. அந்த மதத்தை ஆரம்பித்த குரு, அழகான பொருளைக் கண்ணால் பார்த்தாலே மனிதனின் மனம் சுத்தமாகும் என்று நம்பியவராம். அதனால் அவர்கள் பிரார்த்தனை மண்டபம் கட்டுகிற இடத்தில், பக்கத்திலேயே சித்திரமும் சிலையும் மண்பாண்டமும் வைக்க ஒரு கட்டடமும் கட்டுவார்களாம். பார்க்க வருகிறவர்களிடம் காசு வாங்குவதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு யாரும் உள்ளே போகலாம்.

நான் அங்கே துப்புரவு வேலை பார்த்தேன். பிறந்தது மடுல்கெல்லப் பக்கம் ஒரு தோட்டத்தில், வாழ்க்கைப்பட்டது கெலிஓயாவில். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிடத் துறுதுறுப்பு. எங்கே அழுக்கைக் கண்டாலும் கை சும்மா இருக்காது. மற்றவர்கள் வீட்டுக்குப் போனால்கூட ஜன்னல் கம்பியைத் தடவிப் பார்க்கிற ஆள் நான். இந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமானவள் கண்டி மாவட்டத்திலேயே கிடையாது என்று என் கணவர் கேலி செய்வார்.

அந்த இடத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் அறுபது வயது தாண்டிய ஒரு ஜப்பான் அம்மா. நாங்கள் எல்லோரும் நோனா என்றுதான் கூப்பிடுவோம். சிங்களம் உடைத்து உடைத்துப் பேசுவார். முதல் நாள் நான் வேலைக்குப் போனபோது, அந்த நோனா முட்டி போட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர்களுக்குத் துடைப்பதும் பிரார்த்தனைதானாம். தினமும் காலையில் அவரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் முட்டி போட்டு நீளமான அந்த மரத்தளத்தைத் துடைப்போம். எனக்கு இருந்தது ஒரே ஒரு கட்டுப்பாடு. காட்சிப் பொருட்களை நான் தொடக்கூடாது. அவற்றின் தூசியை அவரே துடைப்பார்.

எங்களைத் தவிர ஒரு சிங்கள மனேஜரும் ஒரு காவலாளியும் இருந்தார்கள். காவலாளி அக்குறணையைச் சேர்ந்த முஸ்லிம் தம்பி. இருபத்தெட்டு வயது இருக்கும். மனைவி முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். என்னை வாய் நிறைய அக்கா என்பார். நானும் அவரிடம் அக்காவுக்குரிய எல்லா அதிகாரமும் செய்வேன். 'என்ன தம்பி, சட்டையில பட்டன் இல்ல? தங்கச்சி தைக்க மாட்டாளா? கழட்டிக் குடுங்க' என்று வாங்கித் தைத்தும் கொடுத்திருக்கிறேன்.

அவர்களுடைய குருவின் நினைவுநாள் வந்தது. ஜப்பானிலிருந்து சங்கத்துப் பெரியவர் ஒருவரும் சிலரும் வருவதாக ஏற்பாடு. அவர்களை அழைத்துவர நோனா முதல் நாள் மதியமே புறப்பட்டுவிட்டார். மறுநாள் மதியத்துக்குத்தான் திரும்புவார். போகுமுன் கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்து, மரப்பெட்டிக்குள் துணி சுற்றி வைத்து, சமையலறை அலுமாரியில் வைத்தார். "நாளைக்குப் பெரியவர் இதிலதான் தேத்தண்ணி குடிப்பார். மத்தக் கோப்பைகளக் கழுவி வை" என்று என்னிடம் சொன்னார். அலுமாரிச் சாவியைக் காவலாளித் தம்பியிடம் கொடுத்தார்.

நாலு மணிக்குத் தம்பி அலுமாரியைத் திறந்துவிட்டார். கோப்பைகளைக் கழுவித் துடைத்து அடுக்கினேன். அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். சனியன், அந்த மரப்பெட்டியையும் திறந்து பார்த்தேன். கண்ணாடிப் பெட்டியை விட்டுச் சமையலறைக்கு வந்துவிட்டால் அதுவும் ஒரு கோப்பைதானே, தொடக்கூடாத பொருள் இல்லையே என்று நினைப்பு.

கஞ்சி நிறத்தில் ஒரு கிண்ணம். உள்ளே அடியில் கறுப்பாக ஒரு வளையம். உள்ளும் புறமும் முடி மாதிரி வெடிப்புக் கோடுகள், கோடெல்லாம் மண் நிறத்தில் கறை. என் வீட்டில் அப்படி ஒரு கோப்பை இருந்தால் வாசலில் நிற்கிற ஆளுக்குக்கூட அதில் தண்ணீர் கொடுக்கமாட்டேன். கடல் தாண்டி வருகிற பெரிய மனிதருக்கு இதிலா தேத்தண்ணி? நோனாவுக்கு வயதாகிவிட்டது, கண் சரியாகத் தெரியவில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

இதை மற்றவர்களுக்கு விளங்கவைப்பது கஷ்டம். கொழுந்து பறிக்கிறவர்களின் விரல்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தேயிலைக் கறை ஏறி நுனியெல்லாம் கறுத்திருக்கும். கண்டி டவுனுக்குப் போவதென்றால், கல்யாண வீட்டுக்குப் போவதென்றால், எங்கள் அம்மா முதல் நாளே தேசிக்காயை வெட்டிவைத்து, அந்தப் புளிச்சாற்றில் விரல் விரலாகத் தேய்ப்பார். எனக்கும் தேய்த்துவிடுவார், எரியும். பஸ்ஸில் யாராவது அந்த விரலைப் பார்த்துவிட்டால் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொள்வார். தேயிலைக் கறை என்றால் எனக்கு வெட்கம். அதைப் போக்காமல் மனிதர் முன்னால் போகக்கூடாது. நான் வளர்ந்த விதம் அப்படி.

சமையலறைக்குப் பின்னால் இருந்த குழாயடிக்குக் கிண்ணத்தைக் கொண்டுபோனேன். சாம்பலும் தேசிக்காயும் போட்டுத் தேய்த்தேன். கொஞ்சம்தான் போயிற்று. எனக்கு ரோசம் வந்துவிட்டது. வெள்ளைத் திரைச்சீலைகளை வெளுக்க வாங்கி வைத்திருந்த மருந்தைக் கிண்ணம் நிறைய ஊற்றினேன், வெளியிலும் துணியை அதில் நனைத்துச் சுற்றி வைத்தேன். அரை மணித்தியாலம் கழித்து எடுத்துப் பார்த்தால், அப்படியே பச்சரிசி மாதிரி வெள்ளை! ஒரு கோடு தெரியவில்லை. பெருமை தாங்கவில்லை எனக்கு. பழையபடி துணி சுற்றிப் பெட்டியில் வைத்தேன், தம்பி வந்து அலுமாரியைப் பூட்டினார். வீட்டுக்குப் போய்க் கணவரிடம், "நாளைக்கு நோனா அசந்துபோயிருவாங்க, பாருங்க" என்றுகூடச் சொன்னேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மனேஜர், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் பெட்டியைத் திறந்தார். திறந்தவர் கத்திய கத்தலில் நான் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். கிண்ணத்தின் படம் இருந்த பதிவுப் புத்தகத்தைப் பக்கத்தில் விரித்துவைத்து, "இது அது இல்ல! யாரோ மாத்திட்டாங்க!" என்று கத்திக்கொண்டிருந்தார். படத்தில் இருந்தது கறையோடு இருந்த கிண்ணம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. அந்தக் கறைதானாம் அந்தக் கிண்ணத்தின் மதிப்பே. குருவின் தாயார் காலத்திலிருந்து தினமும் அதில் ஊற்றிக் குடித்த தேத்தண்ணி, கொஞ்சம் கொஞ்சமாக வெடிப்புக்குள் இறங்கி உண்டான நிறமாம். அதைப் பார்க்கத்தான் ஜப்பானிலிருந்து ஆட்கள் வருகிறார்களாம்.

ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்ததை நான் அரை மணித்தியாலத்தில் வெளுத்துவிட்டேன்.

அடுத்த அதிர்ச்சி அதைவிடப் பெரிதாக வந்தது. மனேஜர் காவலாளித் தம்பியின் பக்கம் திரும்பினார். சாவி யாரிடம் இருந்தது? "எனக்கிட்டதான்" என்றார் தம்பி. அலுமாரியைத் திறந்தது யார்? "நான்தான்." அவ்வளவுதான். தம்பியின் மச்சானுக்கு அக்குறணையில் பழைய பித்தளைச் சாமான், பீங்கான் விற்கிற கடை இருந்தது. அது மனேஜருக்கும் தெரியும். நல்ல கிண்ணத்தைக் கடைக்கு அனுப்பிவிட்டு வெள்ளைக் கிண்ணத்தை வைத்துவிட்டான் என்று அந்த நிமிடமே தீர்ப்புச் சொல்லிவிட்டார். தம்பியின் பையை வாங்கி மேசையில் கொட்டினார். ஒரு சோற்றுப் பார்சல், ஒரு தொப்பி, மனைவியின் கிளினிக் அட்டை. வேறொன்றும் இல்லை. நோனா வந்ததும் பொலிஸில் ஒப்படைப்பதாகச் சொல்லி, தம்பியை வாசலில் ஒரு கதிரையில் உட்கார வைத்தார்.

என்னிடம் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கூட்டுகிற பொம்பளைக்கு இதன் விலை எங்கே தெரியப்போகிறது என்று நினைத்திருப்பார்கள்.

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயம். பொலிஸ் என்ற வார்த்தையைக் கேட்டாலே எங்கள் தமிழ் வீடுகளில் கதவைச் சாத்திக்கொள்கிற காலம் அது. வேலை போய்விடும், ஜெயிலில் போடுவார்கள், பிள்ளைகளை யார் பார்ப்பது என்று மனம் ஓடிக்கொண்டே இருந்தது. நோனா வரட்டும், அவரிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். துடைத்த ஜன்னலையே திரும்பத் திரும்பத் துடைத்தேன். நடுவில் அந்தத் தம்பிக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டுபோய்க் கொடுத்தேன், அது வேறு. அவர் வாங்கிக்கொண்டு என் முகத்தை ஒரு தரம் பார்த்தார், பிறகு மழையைப் பார்த்துக்கொண்டு குடித்தார்.

பன்னிரண்டு மணிக்கு மேல் தொழுகை நேரம் வந்தது. கை கால் கழுவிக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். மனேஜர் பின்பக்கக் குழாயடி வரைக்கும் போய்வர அனுமதித்துவிட்டு, கொஞ்சம் தள்ளி வராந்தாவில் நின்றுகொண்டார். நான் சமையலறை ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

தம்பி குழாயடியில் குனிந்தார். அங்கே நேற்று நான் பிழிந்துபோட்டு, பெருமையில் அள்ள மறந்த தேசிக்காய்த் தோல்கள், சாம்பல் பூசினபடியே கிடந்தன. திரைச்சீலை மருந்துப் போத்தலின் மூடியும் கிடந்தது. அவர் அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மனேஜர் இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தோல்களையும் மூடியையும் சேர்த்து அள்ளி, வேலிக்கு அந்தப் பக்கம் பற்றைக்குள் எறிந்தார். அப்புறம் கை கழுவ ஆரம்பித்தார்.

இவருக்குத் தெரியும்! நேற்று நான் குழாயடியில் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். காலையிலிருந்து தெரிந்துகொண்டேதான் அந்தக் கதிரையில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு வார்த்தை சொன்னால் எழுந்து போயிருக்கலாம். சொல்லாதது மட்டுமில்லை, என்னைக் காட்டிக்கொடுக்கிற குப்பையையும் தன் கையால் மறைக்கிறார்.

அதன் பிறகு நான் எப்படி ஓடினேன் என்று தெரியாது. மனேஜர் முன்னால் போய் நின்று, "மாத்தயா, நான்தான் கழுவுனேன்! அதே கிண்ணந்தான்! நான் பாவி, நான்தான் வெளுத்தேன்!" என்று தமிழும் சிங்களமும் கலந்து அழுதேன். அவர் நம்பவில்லை. தம்பியைக் காப்பாற்ற நான் கதை கட்டுகிறேன் என்றார். இரண்டு பேரும் கூட்டு என்றார். உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அது அடுத்த இடி.

அந்த நேரத்தில்தான் நோனாவின் வான் மேட்டில் ஏறி வந்தது. விருந்தாளிகள் இறங்குவதற்கு முன்பே நோனா விஷயத்தைக் கேட்டுவிட்டு, நேராக உள்ளே போய்க் கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்தார். அவர் முகத்தில் இருந்த இரத்தமெல்லாம் வடிந்ததை நான் பார்த்தேன். உடனே அதைக் கவிழ்த்தார். கிண்ணம் தரையில் உட்காருகிற அந்த வெளி அடிப்பக்கத்தை மட்டும் நான் தேய்க்கவும் இல்லை, மருந்துத் துணி சுற்றவும் இல்லை. உட்கார்த்தி வைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்ற சோம்பேறித்தனம்தான். பழைய கறை அங்கே அப்படியே இருந்தது. நடுவே கிளைவிட்ட ஒரு கீறலும் இருந்தது. பதிவுப் புத்தகத்தில் அடிப்பக்கப் படமும் உண்டு. நோனா பக்கத்தைப் புரட்டினார். அதே கறை, அதே கீறல். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே அரைகுறை வேலை ஒரு மனிதனை அன்றைக்குக் காப்பாற்றியது.

நோனா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வரவில்லை. வாசலுக்குப் போனார். தம்பியின் முன்னால் நின்று, இடுப்பு வரை குனிந்தார். நிமிரவே இல்லை. தம்பி பதறிப்போய், "வேணாம் நோனா, வேணாம்" என்று பின்னால் நகர்ந்தார். மனேஜர் மட்டும் கடைசி வரை ஒரு மன்னிப்புக் கேட்கவில்லை.

என்னிடம் நோனா கேட்டது ஒன்றே ஒன்றுதான். எதற்காகக் கழுவினாய்? நான் என் விரல்களைக் காட்டி, அம்மாவின் விரல்களைப் பற்றிச் சொன்னேன். எவ்வளவு விளங்கியதோ தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்று பெரியவர் அந்த வெள்ளைக் கிண்ணத்தில்தான் தேத்தண்ணி குடித்தார். மறுநாள் காலையில் நோனா வழக்கம்போல என் பக்கத்தில் முட்டி போட்டுத் தரை துடைத்தார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கடுஞ்சொல் வந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அதற்குப் பிறகும் நாலு வருடம் அங்கே வேலை செய்தேன்.

தம்பி இரண்டு கிழமைதான் இருந்தார். எல்லோர் முன்னாலும் தன் பையைக் கொட்டிய இடத்தில் இனி யூனிபோர்ம் போட்டு நிற்க முடியாது என்று சொல்லிவிட்டு மச்சானின் கடைக்கே போய்விட்டார். போகிற அன்றைக்குத்தான் தைரியம் வந்து கேட்டேன்.

"ஏன் தம்பி ஒரு வார்த்த சொல்லல? நீங்க சொல்லியிருந்தா அப்பவே விட்டிருப்பாங்களே."

"நான் சொன்னா பாவப்பட்ட பொம்பள மேல பழியப் போட்டுட்டுத் தப்புறான் எண்டுதான் சொல்லுவாங்க" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அதோட, நீங்களே வந்து சொல்லுவீங்க எண்டு நெனச்சேன் அக்கா. இப்ப வருவீங்க, இப்ப வருவீங்க எண்டு பாத்துக்கிட்டே இருந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் வலித்தது. நான் தேத்தண்ணியோடு போனபோதும் அதற்காகத்தான் அப்படிப் பார்த்திருக்கிறார்.

கிண்ணத்தை வெளுத்த கதையை நான் எத்தனையோ பேரிடம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன், ஆனால் ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரை ஒரு மனிதனை அந்தக் கதிரையில் காத்திருக்க வைத்ததை மட்டும் இத்தனை வருடத்தில் இன்றைக்குத்தான் முதல் தடவையாக வெளியே சொல்கிறேன்.