சண்பக மரத்துக்குப் பின்னால் நட்ட காற்றாடி

1. காற்றில் ஓடுமா?

கதிர்வேல் அண்ணனை நான் முதலில் பார்த்தது கண்டிப் பக்கம் மடவளையில், ரபீக் நானாவின் ஹார்ட்வெயார் கடையில். நல்ல மழைக்காலம். அவர் ஒரு பிளாஸ்டிக் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். அதற்குள்ளிருந்து ஒரு சின்ன மெசினை எடுத்து மேசைமேல் வைத்தார். மூச்சிழுப்புக்காரர்களுக்கு மருந்தைப் புகை மாதிரி ஆக்கி மூச்சில் கொடுக்கும் நெபுலைசர் மெசின்.

“இத காத்துல ஓட்ட முடியுமா பாஸ்?” என்று கேட்டார்.

எங்கள் பக்கம் கைவேலைக்காரர் எல்லாருமே பாஸ்தான். ரபீக் நானா அப்போதுதான் வீட்டுக்குக் கரண்ட் எடுக்கும் சின்னக் காற்றாடிகளை வரவழைத்து விற்கத் தொடங்கியிருந்தார். அவற்றைக் கொண்டுபோய்ப் பூட்டுவது என் வேலை. நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் இருந்தவன் இல்லை. தேயிலைத் தோட்டத்து பெக்டரியில் மெசினுக்கு எண்ணெய் போடப் போனேன். பிறகு கட்டுகஸ்தோட்டையில் ஒரு கடையில் மோட்டருக்குக் கம்பி சுற்றினேன். அங்கிருந்து வயரிங், அதற்குப் பிறகு இந்தக் காற்றாடி. தெல்தோட்டை, பன்வில, இன்னும் எங்கெங்கோ ஏறியிருக்கிறேன்.

காற்றாடி வாங்க வருகிறவர்கள் முதலில் அழகைத்தான் பார்ப்பார்கள். முட்டை அடிக்கிற கரண்டி மாதிரி நின்ற இடத்திலேயே சுற்றும் ஒரு வகை இருக்கிறது. பார்க்க நன்றாக இருக்கும், கரண்ட் கொஞ்சம்தான் வரும். கண்டி டவுனுக்கு மேலே ஒரு பெரிய வீட்டுக்காரர் அதையே வேண்டும் என்று வாங்கி, கூரைமேல் பூட்டச் சொன்னார். கூரையில் பூட்டினால் அதிர்வு சுவர் வழியாக இறங்கும் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அடுத்த கிழமை அந்த வீட்டு அம்மா போன் எடுத்தார். வீட்டுக்குள் வண்டு புகுந்த மாதிரி சத்தம், தூங்க முடியவில்லை, உடனே வந்து கழற்றுங்கள் என்றார். கழற்றினேன். இப்போது அது அவர்கள் தோட்டத்தில் பூச்சாடிக்குப் பக்கத்தில் நிற்கிறது.

கதிர்வேல் அண்ணன் அழகு பார்க்க வந்தவர் இல்லை. பன்வில தாண்டி மேலே, ஒரு பழைய தோட்டத்தின் உச்சியில் அவர் வீடு. மனைவி பாக்கியத்துக்கு இழுப்பு. தென்மேற்குக் காற்று கிளம்பிப் பனிமூட்டம் இறங்கினால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். அதே காற்றுதான் கம்பிமேல் கிளையை முறித்துப் போட்டுக் கரண்டையும் எடுத்துவிடும். நாலைந்து நாள் வராது. பெட்டரியை முன்கூட்டியே சார்ஜ் பண்ணி வைத்தாலும் அத்தனை நாள் தாங்காது. சோலார் போடலாம் என்றால் அந்த மாதங்களில் அங்கே வெயிலைக் காண்பதே அபூர்வம். இவ்வளவையும் யோசித்துவிட்டுத்தான் அந்த மனிதர் வந்திருந்தார்.

ரபீக் நானா கல்லாவை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“மத்தவங்க எல்லாம் பில்லக் கொறைக்கத்தான் வாற. இந்த மனுசன் மூச்சுக்காக வந்தீக்கார். நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க பாஸ், எடம் சரியில்லாட்டி நான் சாமான் குடுக்க மாட்டன்” என்றார்.

2. நாடாவை வைத்துப் பார்த்தது

பஸ்ஸில் இறங்கி, தேயிலைக்கு நடுவே படி ஏறி, அந்த வீட்டு வாசலில் நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். பாக்கியம் அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“என்னங்க, மெசின் எனக்கா, இவருக்கா? ஒக்காருங்க பாஸ், மொதல்ல உங்களுக்கு வச்சுவுடுறேன்.”

ஒல்லியான பெண். இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்தி மூச்சு எடுத்துத்தான் பேசுவார். ஆனால் பேச்சை மட்டும் விடமாட்டார்.

இடம் பார்க்க நான் வைத்திருந்த சாமான் நீளமான ஒரு மூங்கில், அதில் வெவ்வேறு உயரத்தில் கட்டிய பிளாஸ்டிக் நாடாக்கள். அவ்வளவுதான். நாடா நேராக நீட்டி நின்றால் அங்கே காற்று ஒழுங்காக வருகிறது. சுருண்டு சுருண்டு பக்கம் மாற்றினால் காற்று உடைந்து வருகிறது. உடைந்த காற்றில் காற்றாடியின் தலை நாலு பக்கமும் திரும்பித் திரும்பி அலையும், கரண்ட் ஏறாது, சுற்றும் தண்டைத் தாங்கும் பெயரிங்கும் சீக்கிரம் போய்விடும்.

வீட்டு முற்றத்தில் நாடா சுருண்டது. எந்த மூலைக்குக் கொண்டுபோனாலும் அதே கதை. தலையைத் தூக்கிப் பார்த்தேன். காற்று வரும் பக்கம், வீட்டுக்குக் கொஞ்சம் மேலே, கூரையைவிட உயரமாக ஒரு சண்பக மரம் அடர்ந்து நின்றது.

அந்த மரம் நின்றது தோட்டத்து மயானத்தின் ஓரத்தில். எங்கள் தோட்டங்களில் மண்ணில் வைத்தவர்களுக்குக் காரியம் முடிந்ததும் தலைமாட்டில் ஏதாவது நடுவார்கள். சிலர் குரோட்டன், சிலர் செவ்வரளி. இவர்களுக்கு ஒரே பையன், பெயர் ரவி. கொழும்பில் கடையொன்றில் வேலைக்கு நின்றவன், காய்ச்சலில் போய்விட்டான். அவன் கூட்டாளிமார் எங்கிருந்தோ ஒரு சண்பகக் கன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதுதான் இது. மகள் வத்தேகமவில் கட்டிக்கொடுத்த இடத்தில் நன்றாக இருக்கிறாள். வந்து இருங்கள் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டும் பாக்கியம் அக்கா அந்த உச்சியை விட்டு இறங்காததற்கும் அதுதான் காரணம்.

மரத்தைவிட உயரமாகக் கம்பம் நட முடியுமா என்று அளந்து பார்த்தேன். அவ்வளவு உயரத்துக்கு இழுத்துக் கட்டும் கம்பிகளை எல்லாப் பக்கமும் தூரமாக அடிக்க வேண்டும். முற்றத்தைத் தாண்டினால் பள்ளம். மயானத்துக்குள் நடலாமா என்று நான் கேட்கவே இல்லை. யாரும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. மிச்சம் ஒரே வழி, மரத்தை எடுப்பது.

அதைக் கதிர்வேல் அண்ணனிடம் தனியாகச் சொன்னேன். அவர் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்.

“வர்ற கிளினிக் அன்னிக்கு அவள கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். நீங்க ஆளக் கொண்டாந்து வெட்டிருங்க பாஸ்.”

“அண்ணே, திரும்பி வந்து அவங்க மொதல்ல பாக்குறது அதத்தானே?”

 சரி, அவளிடம் நானே கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

3. பாக்கியம் அக்கா சொன்னது

சண்டை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அக்கா சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்து, அந்த நாடாவைக் காட்டச் சொன்னார். முற்றத்தில் அது சுருளுவதையும், மரத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனதும் நேராக நீட்டுவதையும் நின்று பார்த்தார். நன்றாக விளங்கிக்கொண்டார்.

“ஆமா, மரம் காத்த மறிக்குது. அவன் உசிரோட இருந்தப்பவும் இதே வேலதான் பாஸ். காத்து வந்தா போதும், ஓடிப்போயி கதவு ஜன்னல் எல்லாத்தையும் அடப்பான், அம்மாவுக்கு இழுத்துரும்னு.”

கொஞ்சம் மூச்சு எடுத்துக்கொண்டு பிறகு சொன்னார்.

“அத வெட்டித்தான் மெசின் ஓட்டணும்னா, எனக்கு மெசின் வேணாம்.”

அவர் சொன்னதில் வெறும் பாசம் மட்டும் இல்லை. அந்த மரம் இருந்ததால்தான் அந்த வீட்டில் குளிர்காற்று நேராக அடிக்கவில்லை. கீழே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் கூரைத் தகரம் பறக்கும்போது இவர்கள் வீட்டில் விளக்குத் திரி ஆடாது. மரம் இருந்தால் இழுப்பு குறையும், கரண்ட் வராது. மரம் போனால் கரண்ட் வரும், இழுப்பு கூடும். இரண்டில் எது சரி என்று நான் எப்படிச் சொல்வது?

கதிர்வேல் அண்ணன் தாவாரத்தில் ஒதுங்கி நின்றுகொண்டார். வேணாம் என்றும் சொல்லவில்லை, வெட்டு என்றும் சொல்லவில்லை.

கடைசியில் வீட்டுக்கு மறுபக்கம், மரக்கறிப் பாத்தியின் ஓரத்தில், மரத்திலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி நட்டோம். மெல்லிய காற்றுக்கும் சுற்றும் மூன்று இறக்கை வகையையே எடுத்தேன். கிடைக்க வேண்டியதில் பாதிகூடக் கிடைக்காது என்று இருவருக்கும் சொன்னேன், ரபீக் நானாவுக்கும் சொன்னேன். மூச்சு விசயம் என்பதால் அவரும் சாமானைக் கொடுத்தார். லயத்து ஆட்கள் வந்து கயிறு பிடித்துக் கம்பத்தை நிமிர்த்தினார்கள். பாக்கியம் அக்கா அடியில் சூடம் கொளுத்தினார். பெட்டரியில் சார்ஜ் ஏறி, நெபுலைசரைப் போட்டதும் அது கிர்ரென்று ஓடியது. அவர் அந்த மாஸ்க்கைப் புருசன் மூக்கில் வைத்து, “நல்லா இழுங்க, சுருட்டுப் புகையெல்லாம் போகட்டும்” என்றார். கயிறு பிடித்த ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்த அண்ணன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

4. அடை மழை

முதல் வருசம் எப்படியோ சமாளித்தது. அதற்கடுத்த வருசம் காற்றோடு மழையும் விடாமல் பிடித்துக்கொண்டது. கரண்ட் போய் நாளாகிவிட்டது. கதிர்வேல் அண்ணன் போனில் கூப்பிட்டார். காற்றாடித் தலை நிற்காமல் அலைகிறது, பெட்டரி இறங்கிக்கொண்டே வருகிறது என்றார். லைட் எல்லாவற்றையும் நிறுத்துங்கள், மெசினுக்கு மட்டும் வையுங்கள் என்றேன். முந்தாநாளே நிறுத்திவிட்டேன், இருட்டில்தான் இருக்கிறோம் என்றார். நான் கிளம்பிப் போனேன். பன்விலயில் ரோட்டுக்குக் குறுக்கே மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது.

நான் அந்த ரோட்டில் நிற்கும்போதே மேலே வீட்டில் மெசின் நின்றுபோனது. லயத்து ஆட்கள் அக்காவைக் கதிரையில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு படியிறங்கி, த்ரீவீலில் வேறு பாதை சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் அவர் போய்விட்டார்.

நுரையீரல் ரொம்ப நாளாகவே கெட்டுப்போயிருந்தது, வீட்டில் கரண்ட் இருந்திருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். கதிர்வேல் அண்ணன் அதை என்னிடம் சொல்லும்போது, யாரோ மூன்றாம் மனிதருடைய செய்தியைச் சொல்வது மாதிரி சொன்னார். அக்காவை மகனுக்குப் பக்கத்திலேயே, அந்தச் சண்பகத்துக்குக் கீழேயே வைத்தார்கள்.

5. நன்றாக ஓடும் காற்றாடி

சில மாதம் கழித்து மறுபடி போன் வந்தது.

“பாஸ், ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க. இப்ப நல்லா ஓடுது.”

படி ஏறும்போதே தெரிந்தது. வீட்டுக்கு மேலே வெறும் வானம். மரம் இல்லை.

காற்றாடி ஒரே பக்கம் முகம் வைத்து, அசையாமல் நின்று சுற்றியது. நான் பூட்டிய வீட்டுக் காற்றாடிகளில் இவ்வளவு ஒழுங்காக ஓடியதை வேறெங்கும் பார்த்ததில்லை. வீட்டுக்குள் பகலிலேயே எல்லா லைட்டும் எரிந்தன. பெட்டரி நிறைந்து கிடந்தது.

இந்தக் காற்றாடிகளில் ஒரு சங்கதி உண்டு. பெட்டரி நிறைந்த பிறகும் காற்று நிற்காதே, அது சுற்றிக்கொண்டே இருக்கும். வருகிற கரண்டை எங்கேயாவது செலவழிக்க வேண்டும், இல்லாவிட்டால் இறக்கை வேகமெடுத்து உடையும். அதற்காகச் சுவரில் ஒரு ஹீட்டர் கொயில் பூட்டிவிடுவோம். மிச்சக் கரண்டெல்லாம் அதில் சூடாகிப் போகும். மரம் இருந்தவரை அந்தக் கொயில் சூடானதே இல்லை. இப்போது ஓயாமல் சூடாகிக்கொண்டிருந்தது. மரம் போனதால் வீட்டுக்குள் குளிர்காற்று வீசியது. கதிர்வேல் அண்ணன் கொயிலுக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“அன்னிக்கே வெட்டியிருக்கணும் பாஸ்.”

“அக்கா வேணாம்னு சொன்னாங்களே அண்ணே.”

“அவ சொல்லுவா. நான்ல கேட்டிருக்கக்கூடாது.”

ஜன்னல் வழியாக மயானத்தைப் பார்த்துக்கொண்டு, “இப்ப ரெண்டு பேருக்கும் நெழல் இல்ல” என்றார்.

கம்பிகளை இறுக்கினேன், கிரீஸ் வைத்தேன். நிறுத்திவிடட்டுமா என்று கேட்டேன். ஓடட்டும் என்றார். காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். காற்றாடி நன்றாகச் சுற்றுவது வேறு, அந்த வீடு நன்றாக இருப்பது வேறு. மீட்டர் முதலாவதை மட்டும்தான் காட்டும். காற்றை மறிக்கிற மரத்தைக் கண்டதும் வெட்டு என்று இப்போது நான் சொல்வதில்லை. யார் நட்டது என்று கேட்பேன். தானாக முளைத்தது என்றால் வேலை சுலபம். வேறு பதில் வந்தால், அன்றைக்குக் கொடுக்கிற தேத்தண்ணியை மட்டும் குடித்துவிட்டு இறங்கிவிடுவேன். புருசனும் பெண்சாதியும் முதலில் உட்கார்ந்து பேசிக்கொள்ளட்டும்.