செவ்வாய்க்கிழமை நீச்சல் நேரம்

போன கிழமை என் மகள் நீச்சல் வகுப்பு முடிந்து வந்து, ஈரத் தலையைக் கம்பளித் தொப்பிக்குள் திணித்தபடி சமையலறையில் நின்றாள். ஒஸ்லோவின் ஓரத்தில், ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் வீட்டுச் சமையலறைக்குள் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வாசலில்தான் நிற்க வேண்டும். அவள் தொப்பியைக் கழற்றியதும் குளோரின் மணம் குப்பென்று வந்தது. நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். அதையும் மீறி அந்த மணம் மூக்கில் ஏறியது.

“ஏனம்மா முகத்தை இப்பிடி வைச்சிருக்கிறீங்கள்?” என்றாள்.

“வெங்காயம்” என்றேன். பொய்தான்.

பழைய மணங்கள் மற்றவர்களுக்கு ஏக்கத்தைக் கொண்டுவருமாம். எனக்குக் குளோரின் மணம் கொண்டுவருவது ஒரு நீச்சல் தடாக மேலாளரின் முகத்தை. நல்ல முகம்தான். சிரித்த முகம். இத்தனை வருடம் கழித்தும் அந்த முகத்தின் மேல் எனக்குள்ள கோபம் கொஞ்சமும் ஆறவில்லை. இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் தாதியாகப் படித்தவள். ஆஸ்பத்திரி வேலை எனக்குச் சரிவரவில்லை. நோயாளிகளோடு அளவுக்கு மீறிக் கதைக்கிறேன் என்று பொறுப்பாளர் குறைப்பட்டார். கதைக்கிறதுதான் வேலை என்றால் படிப்பிக்கப் போகலாமே என்று ஆசிரியர் பயிற்சியும் எடுத்தேன். அந்த நாட்களில்தான் ஒஸ்லோவில் இருந்த ஒரு சின்ன யூத உயர்தரப் பள்ளிக்கூடம் ‘சுகாதாரமும் நல்வாழ்வும்’ என்ற பாடத்துக்கு ஆள் தேடியது.

“உமக்கு அவையளைப் பற்றி என்ன தெரியும்?” என்று என் கணவர் கேட்டார்.

“ஒண்டும் தெரியாது.”

நேர்முகத்தில் அதிபரும் அதையே கேட்டார். நானும் அதே பதிலைச் சொன்னேன். மெலிந்த, வழுக்கை விழுந்த மனிதர். “நல்லது, எல்லாம் தெரிஞ்ச ஆக்கள்தான் எங்களுக்குக் கஷ்டம்” என்றார். வேலை கிடைத்தது.

(இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர்கள் எல்லோரும் கதைத்தது நோர்வேஜிய மொழியில். எனக்கு அது நினைவில் வரும்போது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் வருகிறது. சிரிக்காதீர்கள்.)

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வாசற்கதவுகள். முதற்கதவு சாத்தினால்தான் அடுத்தது திறக்கும். இடையில் கண்ணாடிக்குப் பின்னால் காவலாளி. தெருப்பக்கம் பெயர்ப்பலகை கிடையாது. அந்தக் கதவுகள் ஏன் என்று கேட்பது என் வேலையில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு மாதத்தில் பழகிவிட்டது. பழகியதை இப்போது நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது.

முதற்பாடமே எனக்குக் கவிழ்ந்தது. சமநிலை உணவு. பெரிய தட்டு ஒன்றைக் கரும்பலகையில் வரைந்து, ஒரு பக்கம் மரக்கறி, ஒரு பக்கம் உருளைக்கிழங்கு, நடுவில் இறைச்சி, பக்கத்தில் ஒரு கிளாஸ் பால் என்று அழகாக நிறமும் தீட்டினேன். திரும்பிப் பார்த்தால் வகுப்பு முழுவதும் மேசையில் கவிழ்ந்து கிடந்து சிரிக்கிறது. இறைச்சியும் பாலும் ஒரே வேளையில் அவர்களுக்கு ஆகாது. ராகேல் என்ற பெண் எழுந்து வந்து, பால் கிளாஸை அழித்துவிட்டுத் தண்ணீர்க் குழாய் ஒன்றை வரைந்தாள். “இப்ப சரி, டீச்சர். இனி ஒருத்தருக்கும் பாவமில்லை.”

ராகேலுக்கு அப்போது பதினாறு வயதிருக்கும். அகன்ற தோள், கட்டையாக வெட்டிய தலைமயிர், எதையும் கேட்டுவிடும் வாய். நித்திரையும் மன அழுத்தமும் என்ற பாடத்தில் அவள்தான் கையை உயர்த்தினாள்.

“புத்தகத்திலை, பயம் வந்தால் நம்பிக்கையான பெரிய ஆள் ஒருத்தரிட்டைச் சொல்லச் சொல்லியிருக்கு. பெரியாக்களும் பயந்துபோய் இருந்தால் என்ன செய்யிறது?”

ஒருவரும் சிரிக்கவில்லை. நான் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். வேறென்ன செய்ய? நாலு எண்ணும்வரை உள்ளே இழு, நாலு எண்ணும்வரை வெளியே விடு. பிள்ளைகள் மரியாதைக்குச் செய்தார்கள்.

பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டதும் அவர்கள் வெளிக்கிடுவதைப் பார்ப்பேன். முதற்கதவுக்கு வருமுன்னரே பெண்பிள்ளைகள் கழுத்துச் சங்கிலியைச் சட்டைக்குள் விடுவார்கள், அதிலுள்ள நட்சத்திரம் தெரியாமல். பையன்கள் சின்ன வட்டத் தொப்பிக்கு மேல் விளையாட்டுத் தொப்பி ஒன்றைப் போடுவார்கள். ஒருவரும் சொல்லவில்லை, ஒருவரும் நினைவூட்டவில்லை. சப்பாத்து நூல் கட்டுவதுபோல நடந்தது. எனக்குக் கொழும்பு ஞாபகம் வரும். பஸ் ஏறுமுன் அம்மா முந்தானையால் தன் பொட்டை அழிப்பா. பிறகு என்னுடையதை. “பஸ்ஸுக்குள்ளை வாய் திறக்கப்படாது” என்பா. நான் ஏன் என்று கேட்டதே இல்லை. குழந்தைகள் ஏன் என்று கேட்காமல் விடுவதில்தான் எவ்வளவு அநியாயம் அடங்கியிருக்கிறது.

பள்ளிக்கூடத்துக்கு வெளியே அந்தப் பிள்ளைகள் சத்தம் போட்ட ஒரே இடம் தடாகம். நகரில் ஒரு நீச்சல் தடாகத்தில் செவ்வாய்க்கிழமை மதியம் எங்களுக்கு ஒரு மணித்தியாலம் தந்திருந்தார்கள். என் பாடத்தின் பகுதிதான் அது: உயிர்காப்பு நீச்சல். நீந்தப் படிப்பித்தது தடாகத்தில் வேலைசெய்த ஈங்ரிட் என்ற பெண். நான் கரையில் துவாய்களோடு நிற்பேன். சுகாதார ஆசிரியைக்கு நீந்தத் தெரியாது என்ற செய்தியை எவ்வளவு காலம் மறைக்க முடியும்? ஒரு கிழமை மறைத்தேன். பிறகு அதுவே வகுப்பின் பகிடி. அந்தக் கூரைக்குக் கீழே அவர்கள் கத்துவார்கள், பாடுவார்கள், ஆளையாள் தள்ளுவார்கள். ராகேல், பயிற்சிக்காக அடியில் போட்ட ரப்பர்ப் பொம்மையைத் தூக்கிக்கொண்டு மீன்போல எழும்புவாள். வசந்தகாலத்தில் பரீட்சை. சித்தியடைந்தால் கோடையில் கடற்கரையில் உயிர்காப்பாளர் வேலைக்குப் போகலாம். அவளுக்கு அதுதான் கனவு.

தூரத்தில் போர் தொடங்கியது. எந்தப் போர் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அங்கே செத்த பிள்ளைகளுக்காக நானும் அழுதவள், மெழுகுதிரி பிடித்து ஊர்வலத்தில் நடந்தவள். ஆனால் ஒஸ்லோவில் தண்ணீருக்குள் குதிக்கும் பிள்ளைகளுக்கும் அதற்கும் என்ன கணக்கு? தடாகத்துக்கு யாரோ தொலைபேசியில் மிரட்டல் விட்டார்கள். பள்ளிக்கூடம் தன் காவலாளியை அங்கேயும் அனுப்பியது. இரண்டாம் கிழமை, நேரம் ரத்து என்று சொல்லிவிட்டார்கள்.

அதிபரும் நானும் மேலாளரிடம் போனோம். அவர் எழுந்து கை கொடுத்தார். தன் கையாலேயே கோப்பி ஊற்றினார்.

“எங்களுக்கு உங்கடை பிள்ளையளோடை ஒரு பிரச்சினையும் இல்லை. வாசல்லை காவல்காரன் நிக்கிறதுதான் மற்ற ஆக்களுக்கு ஒரு மாதிரி இருக்கு.”

“அப்ப காவல் இல்லாமல் வரட்டோ?” என்று அதிபர் கேட்டார்.

“மிரட்டல் வந்திருக்கே. காவல் இல்லாமல் எங்களாலை பொறுப்பெடுக்கேலாது.”

“காவலோடையும் வரக்கூடாது, காவல் இல்லாமலும் வரக்கூடாது. அப்ப எப்பிடி வாறது?” என்றேன்.

“நிலைமை அடங்கினாப் பிறகு பாப்பம்.”

“மிரட்டினவனை ஆரும் தேடுகினமோ?”

“அது பொலிசின்ரை வேலை.” பிறகு என் பக்கம் திரும்பி, மிக மெதுவாக, அன்பாகச் சொன்னார்: “நீங்களும் வெளியிலையிருந்து வந்த ஆள். இதெல்லாம் எவ்வளவு சிக்கல் எண்டு உங்களுக்கு விளங்கும்.”

“ஓம். எனக்கு நல்லா விளங்குது. அதுதான் கோவம் வருது.”

என் குரல் உயர்ந்துவிட்டது. இந்த நாட்டில் குரலை உயர்த்தினால் நீங்கள் தோற்றுவிட்டீர்கள். அவர் முகத்தில் ஒரு கவலை வந்தது, என்மேல் இரக்கப்பட்டு. வெளியே வந்ததும் அதிபர், “கோவிச்சு என்ன பலன்?” என்றார். “நீங்கள் ஏன் கோவிக்கேல்லை?” என்று அவர்மேலும் பாய்ந்தேன். பாவம், அவர் கழுத்துச் சால்வையை இழுத்து விட்டுக்கொண்டு நடந்தார்.

அதே கிழமை பக்கத்து நகரமான லில்லெஸ்ட்ரோமில் எங்கள் சொந்தக்காரப் பிள்ளையின் பிறந்தநாள். மண்டபத்தில் ரோல்ஸும் வடையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கணவரின் ஒன்றுவிட்ட அண்ணன் கேட்டார்: “நீர் ஏன் அவையளிட்டைப் போய்ப் படிப்பிக்கிறீர்? அங்கை என்ன நடக்குது எண்டு பாக்கிறேல்லையோ?”

“அண்ணை, நான் படிப்பிக்கிறது பதினாறு வயசுப் பிள்ளையளுக்கு.”

“எல்லாம் ஒண்டுதான்.”

“எல்லாம் ஒண்டுதான் எண்டு சொல்லித்தானே அண்ணை உங்கடை கடையை எரிச்சவங்கள்?”

அண்ணன் கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்தார். அவர் கொழும்பில் கடை வைத்திருந்தவர், கலவரத்தில் ஒரே நாளில் எல்லாம் போனவர். அவரைப் பார்த்து அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று என் கணவர் காருக்குள் சொன்னார். வேறு யாரைப் பார்த்துச் சொல்வது? அவருக்குத்தானே அது விளங்க வேண்டும்!

பரீட்சையைக் காப்பாற்றியது ஈங்ரிட். “தடாகம் அவையளின்ரை. கடல் அவையளின்ரை இல்லையே” என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன் விடுமுறையில், சம்பளமில்லாமல் வருவதாகச் சொன்னாள். நகரின் தெற்கே, ஹவுகெட்டோவிலிருந்து கீழே இறங்கினால் ஒரு சின்னக் குடா இருக்கிறது. மே மாதக் கடைசி. ஒஸ்லோக் கடலில் மே மாதம் என்றால் கால் வைத்ததும் எலும்பு வலிக்கும். பெற்றோர் தயங்கித் தயங்கி விட்டார்கள். காவலாளி சப்பாத்தோடு பாறையில் ஏறி நின்றார்.

மூழ்கும் ஆளாக நடிக்க என்னைத் தெரிந்தெடுத்தார்கள். எனக்கு நடிக்கத் தேவையே இருக்கவில்லை. உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு மிதந்தபோதும், வீட்டுக்குள் அகப்பட்ட காகம்போலக் கத்தினேன். ராகேல் பின்னாலிருந்து என் நாடியைத் தண்ணீருக்கு மேலே தாங்கிப் பிடித்து, “டீச்சர், மேலை வானத்தைப் பாருங்கோ, என்னை நம்புங்கோ” என்று சொல்லிச் சொல்லியே கரைக்கு இழுத்து வந்தாள். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேரிடம் நான் சொன்ன வார்த்தை. எனக்கு ஒருவர் சொன்னது அன்றுதான்.

துவாயைப் போர்த்திக்கொண்டு எல்லோரும் நடுங்கிக்கொண்டு நின்றபோது, நாயோடு நடந்து வந்த ஒரு மனிதர் நின்றார். “எந்தப் பள்ளிக்கூடம் நீங்கள்?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பிள்ளைகளிடம் ஒரு தயார்ப் பதில் இருந்தது: நகரில் ஒரு பள்ளிக்கூடம். காவலாளி பாறையிலிருந்து ஓர் அடி இறங்கினார். நான் வாயைத் திறக்கப் போனேன், அந்தப் பதிலைத்தான் சொல்லியிருப்பேன்.

“யூதப் பள்ளிக்கூடம்” என்றாள் ராகேல். பற்கள் அடித்துக்கொண்டிருந்தன. ஆனாலும் சொல் தெளிவாக வந்தது.

அந்த மனிதர் தலையாட்டினார். “தண்ணி குளிரோ?”

“சரியான குளிர்.”

அவர் நாயை இழுத்துக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காக எத்தனை வருடம் பயந்திருந்தார்கள்! பிள்ளைகள் ஆளையாள் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார்கள். நான் துவாயால் கண்ணைத் துடைத்தேன். உப்புத் தண்ணீர் என்று சொல்லிக்கொண்டேன்.

எல்லோரும் சித்தியடைந்தார்கள். ராகேல் அந்தக் கோடையில் ஒரு கடற்கரையில் சிவப்புச் சட்டையோடு நின்றாள். ஒருநாள் மகளைக் கூட்டிக்கொண்டு போய்த் தூரத்திலிருந்து பார்த்தேன். அவள் ஊதலை ஊதி ஒரு தடித்த மனிதரைக் கரைக்கு வரச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவரும் பேசாமல் வந்தார்.

நிலைமை அடங்கவில்லை. தடாகத்தில் எங்கள் நேரத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். இலையுதிர்காலத்தில் வகுப்பில் வெறும் கதிரைகள் கூடின. பிள்ளையைப் பெயர் தெரியாத கூட்டத்துக்குள் விடுவதே பாதுகாப்பு என்று ஒவ்வொரு பெற்றோராக முடிவெடுத்தார்கள். அவர்களை நான் எப்படிக் குறை சொல்வது? என் அம்மாவும் அப்படித்தானே முடிவெடுத்திருப்பா. ராகேலின் குடும்பம் வேறு நாட்டுக்குப் போனது. அடுத்த வருடம் பள்ளிக்கூடத்தையே மூடினார்கள். ஒரு பத்திரிகை அதைச் சின்னதாகப் போட்டது, மாணவர் தொகை குறைந்ததே காரணம் என்று. பிள்ளைகள் தாமாகவே ஆவியாகிப் போனதுபோல.

அந்தக் கட்டடத்தில் இப்போது ஏதோ அலுவலகம். நான் வேறொரு பெரிய பள்ளிக்கூடத்தில் அதே பாடத்தைப் படிப்பிக்கிறேன். புதிய புத்தகத்தில் ‘உன்னை நீயாக ஏற்றுக்கொள்’ என்று வண்ணப்படத்தோடு ஓர் அத்தியாயம் உண்டு. என் வகுப்புகளில் யூதப் பிள்ளை ஒன்றாவது இருக்கலாம். எனக்குத் தெரியாது. இருந்தால், என்னிடம் சொல்லாமல் விடுவதே நல்லது என்று அந்தப் பிள்ளை தீர்மானித்திருக்கிறது.

இந்த நகரத்தில் அந்தப் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதை ஒருவரும் இடிக்கவில்லை, எரிக்கவில்லை. மரியாதையாகக் கதைத்துக் கதைத்தே இல்லாமல் செய்துவிட்டார்கள்.