தேசிக்காய் நசியாத வண்டி

விடியற்காலை ஐந்தரைக்குக் கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டும் சத்தம் கேட்டால் அது ஜெயமலர்தான். சுவிற்சர்லாந்தின் டாவோஸில் அந்தக் கட்டடத்தில் குடியிருந்த எல்லோருக்கும் இது தெரியும். முதியோர் இல்லத்தில் அவளுக்கு அதிகாலை வேலை. அவர்களுக்கென்று ஒரு கராஜ் இருந்தது, மாதாமாதம் வாடகையும் கட்டினார்கள். ஆனால் மூன்று குளிர்காலமாக அதற்குள் நின்றது கார் அல்ல, அவள் கணவர் இராஜசிங்கம் கட்டி இழுத்து வந்த ஒரு பழைய பனிவண்டி. முன்னுக்கு இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னுக்கு றப்பர்ப் பட்டை, நடுவில் மோட்டார்ச் சைக்கிளுடையதைப் போல ஓர் இருக்கை. எந்தக் கம்பனி, எந்த நாடு, எந்த வருடம் என்று ஒருவருக்கும் தெரியாது.

“வாடகை குடுத்துப் பிசாசை வச்சிருக்கிறம்,” என்பாள் ஜெயமலர். கடைசியில் ஒருநாள் சொல்லிவிட்டாள்: “வாற விண்டருக்கு என்ர கார் உள்ளுக்கு நிக்கவேணும். அது வெளியில போகுதோ, நீங்கள் வெளியில போறீங்களோ, அது உங்கட விருப்பம்.”

இராஜசிங்கம் டாவோஸுக்கு வந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது. ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவத் தொடங்கினார். முதுகு பிடித்த பிறகு அதே ஹோட்டலில் குப்பை, குழாய், விளக்கு, பனி அள்ளுதல் என்று மாற்றிவிட்டார்கள். உலகமெல்லாம் பனியில் விளையாட வந்துபோகும் ஊரில் அவர் ஒருநாளும் விளையாட்டுக்காகப் பனியில் கால் வைத்ததில்லை. பனி என்றால் அவருக்கு மண்வாரி. 2011இல் ஹோட்டலின் பின்கொட்டிலை இடித்தபோது பலகைகளுக்கு அடியில் இந்த வண்டி கிடந்தது. முதலாளி இரும்புக்குப் போடச் சொன்னார். இராஜசிங்கம் தனக்குத் தரும்படி கேட்டார். ஏன் என்று மனைவி கேட்டதற்கு, “ஒருக்கா இதில இருந்து பாக்கவேணும் போல கிடந்தது,” என்றார். இதைவிட நல்ல பதில் அவரிடம் இன்றைக்கும் இல்லை.

அவர் மெக்கானிக் அல்ல. பார்த்தவர்களையெல்லாம் கேட்டார். ஒருவர் கனடா என்றார், இன்னொருவர் இத்தாலி என்றார். ஓல்டனிலிருந்து வந்த ஜெயமலரின் தம்பி ஸ்ரீஸ்கந்தராஜா இரண்டு தரம் சுற்றி வந்துவிட்டு, “அத்தான், இது ரஷ்யன் சாமான். ஒட்டுவேலையைப் பாத்தாலே தெரியுது,” என்றார்.

“நீ எப்ப ரஷ்யா போனனி?” என்றாள் அக்கா.

“அகதியா இஞ்ச வரேக்க அதால தானே அக்கா வந்தனான்.”

எஞ்சின் இறுகிப்போயிருந்தது. சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு ஊறவைக்க வேண்டும் என்று யாரோ சொல்ல, இராஜசிங்கம் குளியலறையிலிருந்து தேங்காய் எண்ணெய்ப் போத்தலை எடுத்துப்போய் ஊற்றினார். டாவோஸ் தை மாதத்தில் தேங்காய் எண்ணெய் என்ன செய்யுமோ அதையே செய்தது. மறுநாள் பார்த்தால் உள்ளே வெள்ளையாக, மெழுகாக உறைந்திருந்தது. ஜெயமலரின் தலைமுடி உலர்த்தும் கருவியைக் கொண்டுபோய் ஒரு பின்னேரம் முழுக்கச் சூடு காட்டினார். அது எரிந்துபோவதற்குக் கொஞ்சம் முன்னால் எஞ்சின் அசைந்து கொடுத்தது. எண்ணெய் இளக்கியதா, சூடு இளக்கியதா என்று அவருக்குத் தெரியாது. உலர்த்தி புதிதாக வாங்க வேண்டியதாயிற்று.

கடைசியில், அவள் கொடுத்த தவணை முடிகிற நேரத்தில், கூர் நகரிலிருந்து கடூஃப் என்ற ஓய்வுபெற்ற மெக்கானிக் வந்து பார்த்தார். மூடியைத் தட்டினார், அடியில் படுத்துப் பார்த்தார். “இதற்குப் பெயர் இல்லை,” என்றார். எஞ்சின் ஒரு வண்டியுடையது, சறுக்குக் கட்டைகள் வேறொன்றுடையவை, மூடி கையால் தட்டி எடுத்தது. யாரோ கிடைத்ததையெல்லாம் சேர்த்துச் செய்திருக்கிறான். ஆனால் அந்த எஞ்சின் அரிது. அவருடைய நண்பரிடம் பெயருள்ள, முழுமையான ஒரு வண்டி இந்த எஞ்சினுக்காகவே காத்திருக்கிறது. “கழற்றிக் கொடுங்கள். மிச்சம் இரும்புதானே.”

அவர் போன பிறகு ஜெயமலர் சொன்னாள், “குடுத்துப்போடுங்கோவன். கராஜும் காலியாகும்.”

“ஓம்,” என்றார் இராஜசிங்கம். மூடியைத் திரும்பப் பூட்டிக்கொண்டே, “கழட்ட முதல் ஒருக்கா ஓட்டிப் பாப்பம்,” என்றார்.

நினைத்த இடத்தில் ஓட்ட முடியாது. ஹோட்டலின் பின்வளவில் ஞாயிற்றுக்கிழமை கொஞ்சநேரம் ஓட்ட முதலாளி விட்டார். ஜெயமலர் கைப்பையிலிருந்து இரண்டு தேசிக்காய்களை எடுத்தாள். முதல் ஓட்டத்தில் சில்லுக்குக் கீழே எலுமிச்சை வைத்து நசிக்க வேண்டும் என்பது ஊர் வழக்கம்.

“நாளைக்குக் கழட்டப்போற வண்டிக்கோ?”

“வண்டிக்கில்லை, உங்கட கால் கைக்கு. சில்லையும் காணேல்ல, இதை எங்கயப்பா வைக்கிறது?”

“கட்டைக்குக் கீழ வையும்.”

நான்காவது இழுப்பில் எஞ்சின் பிடித்தது. நீலப் புகை அவளைச் சூழ்ந்தது. வண்டி வேலி வரை போய், திரும்ப மனமில்லாததுபோலத் திரும்பி, பாதி வழியில் நின்றுவிட்டது. இராஜசிங்கம் இறங்கவில்லை. சிரிக்கவும் இல்லை. திருத்திய கழுவும் மெஷினை முதல்தரம் ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்பாரே, அப்படித் தலையைச் சரித்துக்கொண்டு, நின்றுபோன எஞ்சினையே கேட்டுக்கொண்டிருந்தார். ஜெயமலர் அதைப் பார்த்தாள். பிறகு குனிந்து பனியைக் கிளறினாள். இரண்டு தேசிக்காயும் முழுசாக வந்தன.

“நசியேல்லை,” என்றாள்.

“பனி மெத்தைதானே. உள்ளுக்கு அமத்தி விட்டிட்டுது.”

“நசியாட்டி ஓடினதாக் கணக்கில்லை.” அவரைப் பாராமல் பழங்களைத் துடைத்துப் பைக்குள் வைத்தாள். “ஓடாத வண்டியை எப்பிடிக் கழட்டுறது?”

இராஜசிங்கம் இறங்கி வண்டியைத் தள்ளத் தொடங்கினார்.

“ஆனா கராஜ் எனக்கு வேணும். அதைச் சொல்லிப்போட்டன்.”

முதுகு பிடித்தபோதுகூட முதலாளியின் கதவைத் தட்டாதவர், மற்றநாள் போய்த் தட்டினார். ஹோட்டல் வாசலில் கூரைக்குக் கீழே வண்டியை விடலாமா என்று கேட்டார். விருந்தினர் படம் பிடிப்பார்கள் என்று முதலாளிக்கும் பிடித்துப்போனது. ஒரு பலகையில் பெயரும் வருடமும் எழுதி வைக்கச் சொன்னார். இராஜசிங்கம் அன்றே கடூஃபுக்குத் தொலைபேசி எடுத்து, எஞ்சின் விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டார்.

பலகையோடு வீட்டுக்கு வந்தார். “என்னத்தை எழுத?”

“உங்களுக்கு எழுதினமாதிரி ஜனவரி ஒண்டு எண்டு எழுதுங்கோ,” என்றாள் ஜெயமலர். தஞ்சம் கேட்டு வந்தபோது கையில் பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் அவருக்குப் போட்டுவிட்ட பிறந்தநாள் அது. இருவரும் சிரித்தார்கள். அவர் பெயரையும் வருடத்தையும் விட்டுவிட்டு, ஜெர்மனில் ஒரே ஒரு சொல் எழுதினார்: ‘ஓடும்.’

“அதுவும் பொய்,” என்றாள். “தேசிக்காய் நசியேல்லையே.”

இப்போது கார் கராஜுக்குள் நிற்கிறது. அந்த இரண்டு தேசிக்காயையும் சொதிக்குப் பிழியவும் அவளுக்கு மனம் வரவில்லை, எறியவும் வரவில்லை. ஃபிரிட்ஜின் கதவுத்தட்டில், முட்டைகளுக்குப் பக்கத்தில் சுருங்கிக்கொண்டிருக்கின்றன.